ஃபேனைப் போடாதீங்க, தரையில் அம்மாக்கள் இருக்காங்க!

“ஃபேன் வேண்டாம்! ஃபேன் வேண்டாம்!”

ஒரு காலைத்தான் உள்ளே வைத்திருந்தேன். அதற்குள் நாலு பேர் ஒரே மூச்சில் அலறினார்கள். சித்திரை வெயிலில் மாடியேறி வந்தவளின் கை தானாக ஸ்விட்ச் போர்டுக்குப் போகத்தானே செய்யும்? சட்டென்று இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். மொட்டைமாடியில் வடாம் பிழிந்து காயவைத்த மாதிரி, சுவருக்குச் சுவர் வரிசை வரிசையாகக் காகிதத் துண்டுகள். ஒவ்வொன்றும் விரலகலம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வாக்கியம். நடுவே, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, நெற்றி வியர்வை காகிதத்தில் சொட்டிவிடாமல் புறங்கையால் துடைத்தபடி நாலு பெண்கள் மண்டியிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

“உக்காருங்க அக்கா. ஆனா அந்தப் பச்சை வரிசையைத் தாண்டி வராதீங்க. அதெல்லாம் அம்மாக்கள்.”

உள்ளே விட்டுவிட்டார்கள்! எத்தனை நாள் ஆசை தெரியுமா? தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டிய நர்சிங் கல்லூரி இது. கல்லூரியின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் போடமாட்டேன், குரல்பதிவு எதையும் கேட்கமாட்டேன், தரையில் கிடப்பதைப் படிக்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இந்த அறையின் கதவு திறந்தது. கடைசி நிபந்தனைதான் கொடுமை. ஒரு வாக்கியத்தின் மேல் கண் போனாலும், யாராவது ஒரு எவர்சில்வர் டிபன் மூடியைத் தூக்கி அதன் மேல் வைத்துவிடுகிறார்கள்.

இங்கே நடப்பது ஃபினாமினாலஜி எனப்படும் வாழ்வனுபவ ஆய்வு. இன்ன மருந்துக்கு எத்தனை பேர் குணமானார்கள் என்ற கணக்கு இல்லை. அந்த நாட்களை அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று உட்கார்ந்து கேட்கிற வேலை. எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவிகளில் ஒருத்தி குறைமாதக் குழந்தைகளின் பெற்றோரிடம் பேசுகிறாள். இன்னொருத்தி டயாலிசிஸுக்கு வருகிறவர்களிடம். மூன்றாமவள், நைட் டூட்டி பார்க்கும் நர்ஸ்களிடமே பேசுகிறாள். நான்காவது பெண்மணி ‘மேம்’, மூன்று பேருக்கும் கைடு. அவரும் தரையில்தான்.

அச்சில் வரும்போது இந்த ஆய்வுகள் எவ்வளவு ஒழுங்காக இருக்கும்! மூன்று கருப்பொருள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு உட்பிரிவு, சலவை செய்து மடித்த கட்டுரை. வியர்வையை எங்கே ஒளித்துவைக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் சந்தேகம். இதோ, ஃபேன் ஓடாத அறையில்!

இந்தக் காகிதத் திருவிழாவுக்குப் பொறுப்பாளி பால் கொலைஸி என்ற அமெரிக்க உளவியலாளர். பேட்டிகளில் கிடைத்த பேச்சை எப்படிப் பிரித்து, பொருள் கண்டு, தொகுப்பது என்று 1978-ல் ஏழு படிகள் போட்டுக்கொடுத்தவர். முதலில் முழுவதையும் படி; முக்கியமான வாக்கியங்களைப் பிரித்தெடு; பொருளை எழுது; ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர். கேட்க எளிது. சேர்க்கும் இடத்தில்தான் சண்டை. “இதை ஏண்டி காசு வரிசையில வெச்ச? இது காசு இல்ல, மாமியார்!” என்று ஒருத்தி துண்டைப் பிடுங்க, “மாமியாரே காசாலதான்!” என்று மற்றவள் திரும்பப் பிடுங்க, மேம் தலையிட்டு அதைத் தனியே ஓர் ஓரத்தில் வைக்கிறார். அதன் மேல் ஒரு பி.பி. பல்பு. ஸ்டெதாஸ்கோப், முழங்கால் தட்டும் சுத்தியல், ஊறுகாய் பாட்டில் எல்லாம் இந்த அறையில் காகிதம் பறக்காமல் காக்கிற வேலையில்தான் இருக்கின்றன. “அவர் பேர்லயே கொலை இருக்கு அக்கா, நாங்க என்ன பண்றது?” என்றாள் டயாலிசிஸ்காரி.

சரி, வாருங்கள், இவர்களுடைய பையைக் கவிழ்ப்போம். பேட்டிக்குப் போகும் பை. இரண்டு ரெக்கார்டர், ஒன்று காலை வாரினால் இன்னொன்று. உதிரி பேட்டரி. டிஷ்யூ பாக்கெட், தண்ணீர் பாட்டில், குளுக்கோஸ் பிஸ்கட். தமிழில் அடித்த தகவல் தாளும் ஒப்புதல் படிவமும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு ஸ்டாம்ப் பேட். அப்போது கூடவே ஒரு சாட்சியும் வேண்டும். அடியில் ஒரு கிலுகிலுப்பை! “குழந்தைக்கு அண்ணனோ அக்காவோ இருந்தா பாட்டி இடுப்புல தூக்கிட்டு வந்துடுவாங்க. அதுங்க அழுதா ரெக்கார்டிங்கே போச்சு.”

பையில் இல்லாத ஒன்றும் உண்டு, யூனிஃபார்ம். வெள்ளைக் கோட்டோடு போய் உட்கார்ந்தால் எந்த அம்மாவும் ஒரே பதில்தான் சொல்வாராம்: “எல்லாரும் நல்லா பாத்துக்கிறாங்க சிஸ்டர்.” பேட்டி அதோடு முடிந்தது. அதனால் காட்டன் சுடிதார், சாதாரணச் செருப்பு. அப்படியும் பேட்டிக்குப் போனவள் உள்ளே வந்ததும் நேராகக் கை கழுவப் போவதைப் பார்த்தே ஒருவர் கண்டுபிடித்துவிட்டாராம்.

இடம் கிடைப்பது அதைவிடப் பெரிய பாடு. ஆஸ்பத்திரியில் தனிமை எங்கே இருக்கிறது? ஸ்டோர் ரூம், நாலு மணிக்கு மேல் கேன்டீன் மூலை, பிள்ளையார் மாடத்துக்குப் பக்கத்துப் படிக்கட்டு. கங்காரு அறை காலியாக இருந்தால் யோகம். சாய்வு நாற்காலிகள் போட்டு, தாய் தன் நெஞ்சோடு குழந்தையை அணைத்துவைத்திருக்கும் அறை அது. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் திண்டாடிய ஆஸ்பத்திரியில் டாக்டர் எட்கர் ரே தொடங்கிவைத்த முறை. இன்று இங்கே அந்த நாற்காலியில் சாய்ந்தபடி எங்கள் டயாலிசிஸ்காரி மதியத் தூக்கம் போடுவதையும் நான் பார்த்தேன். எழுதக் கூடாது என்றாள். பெயர் போடவில்லையே!

இப்போது வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பேட்டி ஒத்திகை. மேம் ஓர் எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தார். பேட்டி எடுக்கிறவள் “கவலைப்படாதீங்க” என்றாலோ, “எல்லாம் சரியாயிடும்” என்றாலோ, டாக்டரைக் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்தாலோ, டிங்!

ஏன் இந்தத் தண்டனை? நர்ஸ் என்றால் பதில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் கண் கலங்கினால் கை உடனே தோளுக்குப் போக வேண்டும், வாய் ஆறுதல் சொல்ல வேண்டும். வார்டில் பல வருஷம் சம்பாதித்த பழக்கம் அது. பேட்டி நாற்காலியில் அதே பழக்கம் பகையாகிவிடுகிறது. ஆறுதல் சொன்ன நிமிஷமே எதிரே இருப்பவர் “ஆமாங்க சிஸ்டர்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். சொல்ல வந்தது உள்ளேயே தங்கிவிடும். என்னைக் கேட்டால், இந்த ஆய்வில் கடினமான பாடம் தத்துவமும் இல்லை, புள்ளியியலும் இல்லை. சும்மா இருப்பதுதான்.

முதல் சுற்றில் நோயாளியாக நடித்தவள் சக மாணவி. மூக்கை உறிஞ்சி, துப்பட்டா நுனியைக் கசக்கி, சீரியல் மாமியாரையெல்லாம் மிஞ்சி அழுதாள். டிங். டிங். “சாப்டீங்களாம்மா?” டிங். “அதுக்குமா மேம்?” “நீ அவங்களைக் கதையிலேர்ந்து இட்லிக்குக் கூட்டிட்டுப் போயிட்டே.” அறை முழுக்கச் சிரிப்பு.

அடுத்து யார் என்று பார்த்தார்கள். எல்லாக் கண்ணும் என் மேல். உட்கார்ந்தேன். நான் நடிக்கப்போவதாகத்தான் நினைத்தேன். குறைமாதக் குழந்தை ஆய்வு செய்கிறவள் எதிரே உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “உங்க வீட்டுல யாராவது ஆஸ்பத்திரியில இருந்தப்போ, ஒரு நாளைப் பத்திச் சொல்லுங்க அக்கா.” அவ்வளவுதான். அப்புறம் பேசவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா ஐ.சி.யூ.வில் இருந்த நாளைச் சொல்லத் தொடங்கினேன். வெளியே இரும்பு நாற்காலி, ஒரே ஒரு சார்ஜர் பாயின்ட்டுக்கு ஆறு குடும்பம் போட்ட அடிதடி, ஸ்பீக்கரில் யாரோ ஒருவர் பெயரைக் கூப்பிட்டாலே எல்லோரும் எழுந்து நிற்பது. நன்றாகத்தான் ஜோக்கடித்துக்கொண்டு போனேன். நிறுத்தினேன். அவளும் பேசவில்லை. அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. அப்புறம், அம்மாவின் செருப்பை உள்ளே அனுமதிக்கவில்லை, அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நாள் முழுக்க மடியில் வைத்திருந்தேன், பாத்ரூம் போகும்போதும் கொண்டுபோனேன் என்று சொன்னேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில்கூட.

அவள் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. பின்னால் ஸ்பூன் தூக்கியபடியே இருந்தது. டிங் வரவில்லை.

“பாஸ்!” என்று மேம் கத்தினார். மூன்று பேரும் கைதட்டினார்கள். நான் மூக்கைச் சிந்த, பையிலிருந்து டிஷ்யூ பாக்கெட் வந்தது. டிஷ்யூ கொடுக்கலாமா என்று அடுத்த கால் மணி நேரம் காரசாரமான விவாதம். பாக்கெட்டை எட்டும் தூரத்தில் வைக்கலாம், எடுத்து நீட்டக் கூடாது என்று தீர்ப்பாகியது.

பக்கத்து அறைக்குள் எட்டிப் பார்ப்போம். இங்கே இயர்போனும் லேப்டாப்பும். பேட்டிகளை எழுத்தாக்குகிற அறை. ஒரு மணி நேரப் பேச்சை அடித்து முடிக்க ஐந்தாறு மணி நேரம் போய்விடுகிறது. இருமல், சிரிப்பு, பெருமூச்சு, எதையும் விடக் கூடாது. ‘(மௌனம், 9 விநாடி)’ என்று அடிக்க வேண்டும். எனக்குக் காட்டிய ஒரே பக்கம் இரைச்சல்களின் பட்டியல்தான். மானிட்டரின் பீப், கதவு மூடச் சொல்லும் லிஃப்ட் அம்மணியின் குரல், டீக்காரர், ஜன்னலில் காக்கா. ஒரு பேட்டி முழுக்கக் காக்காவும் பேசியிருக்கிறது. திருநெல்வேலிக்காரியும் கோயம்புத்தூர்க்காரியும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு, “அவர் ‘வந்தாவ’ன்னு சொல்றாரு”, “இல்லீங், ‘வந்தாங்க’தான்” என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

பெயர்கள் இங்கேதான் மாறுகின்றன. அம்மாக்களுக்குப் பூக்கள்: மல்லி, செம்பருத்தி, சம்பங்கி. அப்பாக்களுக்கு மரங்கள்: வேம்பு, புங்கன், இலுப்பை. ஒருவருக்கு முருங்கை வந்துவிட்டது. வைவாவில் தேர்வாளர் சிரித்துவிடுவார் என்று பயந்து அவரைப் பூவரசாக்கிவிட்டார்கள். நிஜப் பெயர்கள் உள்ள நோட்டு வேறு அலமாரியில், வேறு பூட்டில். சாவி மேமின் கழுத்துச் சங்கிலியில்.

சுவரில் ஒரு தாடிக்காரர் படம். ‘தாடித் தாத்தா’ என்பது அறையில் வழங்கும் பெயர். எட்மண்ட் ஹூசெர்ல், 1859-ல் பிறந்த தத்துவஞானி. கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, நமக்கு உலகம் எப்படித் தோன்றுகிறது என்பதை ஆராயப் போனவர். உனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைப்பதையெல்லாம் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுப் பார் என்பது அவர் சொன்ன வழி. அதற்கு இங்கே ஆளுக்கொரு ரூல்டு நோட்டு. பேட்டிக்குக் கிளம்பும் முன், எதை எதிர்பார்க்கிறேன், யார் மேல் எனக்குக் கோபம், எல்லாவற்றையும் அதில் கொட்டிவிட வேண்டும். மூன்று நோட்டில் ஒன்று மட்டும் தடிமன். குறைமாதக் குழந்தை ஆய்வுக்காரியுடையது. அவளுடைய மகன் பிறந்தது ஏழாம் மாதத்தில். இப்போது யூ.கே.ஜி.; அம்மாவின் ரெக்கார்டரை எடுத்துத் தன் பாட்டைப் பதிந்து, ஒரு பேட்டிக்கு நடுவே ஒலிக்கவிட்ட பெருமைக்குரியவன்.

ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியின் கதையை வேகமாகத் தாண்டிவிடலாம், ஏனென்றால் அது முக்கால்வாசி ஃபைல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி நெறிகள்படி அந்தக் கமிட்டியில் 7 முதல் 15 பேர்வரை இருக்கலாம். டாக்டர்களோடு சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், மருத்துவத்துறையைச் சேராத ஒரு பொதுமனிதர் என்று பலரும். “வெறும் பத்துப் பேரா? இதை வெச்சு என்ன நிரூபிப்பே?” என்ற கேள்வி எப்படியும் வரும் என்று எல்லோரும் பதில் தயாராக வைத்திருந்தார்களாம். புதிதாக எதுவும் வராமல், கேட்டதையே திரும்பக் கேட்கத் தொடங்கும்போது நிறுத்துவோம் என்பது பதில். அது சரியாகவே போனது. ஆளைத் திணறடித்தது பொதுமனிதர்தான்: “அவங்க அழுதா நீ என்ன பண்ணுவே? நீ அழுதா?” முதல் கேள்விக்குப் படிவத்தில் விடை இருந்தது. பேட்டியை நிறுத்துவோம், ஆலோசகரிடம் அழைத்துப்போவோம். இரண்டாவதற்கு ஒரு பத்தி புதிதாக எழுதிச் சேர்த்தார்கள்.

நர்ஸ்களைப் பேட்டி எடுப்பவளிடம் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பெட்ரீஷியா பென்னர் 1984-ல் வெளியிட்ட நூலின் ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் பிய்ந்து, அவள் மடியில். நர்ஸ்கள் தங்கள் வேலையை விவரித்த பேச்சிலிருந்தே புதியவர் எப்படிக் கைதேர்ந்தவராகிறார் என்று காட்டிய புத்தகம் அது. இவளுடைய பேட்டிகளோ நைட் டூட்டி முடிந்து, ஹேண்ட் ஓவர் கொடுத்து, எட்டரை மணிக்கு இட்லிப் பொட்டலத்தோடு நடப்பவை. ஒரு சீனியர் சிஸ்டர், இரவு இரண்டு மணிக்கு வார்டு எப்படி இருக்கும் என்று சொல்லத் தொடங்கி, வாக்கியத்தின் பாதியில் தூங்கிவிட்டாராம். இவள் எழுப்பவில்லை. ரெக்கார்டரையும் நிறுத்தவில்லை. பதினோரு நிமிஷம் குறட்டை. விழித்ததும் விட்ட இடத்திலிருந்தே வாக்கியத்தை முடித்தார்!

அந்தக் குறட்டையைத் தரவாக எடுத்துக்கொள்ளலாமா? மேம் ஆம் என்கிறார். பேட்டிக்காரியும் ஆம். டயாலிசிஸ்காரி மட்டும் ஒப்பவில்லை. “அப்போ என் பேஷன்டுங்க நாலு மணி நேரம் மெஷின்ல தூங்குறதும் தரவுதானே? அதை யாரு டைப் பண்றது?” என் ஓட்டு குறட்டைக்கு.

கொலைஸியின் கடைசிப் படிக்கு இப்போது வருவோம். எழுதியதை எடுத்துக்கொண்டு, பேசியவர்களிடமே திரும்பப் போக வேண்டும். இப்படித்தானே சொன்னீர்கள், சரியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! எழுத்தாளர்களில் எத்தனை பேர் செய்வோம்?

தன் கதையை நான் எழுதிக்கொள்ளலாம் என்று ஓர் அப்பா தானாகவே அனுமதி கொடுத்திருக்கிறார். சிசேரியன் முடிந்த மனைவி ஊர் ஆஸ்பத்திரியில்; குழந்தையோடு 108-ல் இங்கே வந்தவர் அவர்தான். தொகுத்து எழுதிய பக்கத்தைப் பொறுமையாகப் படித்தாராம். “எல்லாம் சரிம்மா. போட்டோ இல்லியே?” என்றாராம். எந்த போட்டோ? மனைவியிடம் காட்டக் குழந்தையை எடுத்த போட்டோ. கண்ணாடிக்கு வெளியே நின்று எடுத்தது. டியூபும் ஒயரும் தெரியாதபடி வெட்டி வெட்டி, கடைசியில் ஒரு பாதம் மட்டும் மிஞ்சிய போட்டோ. பேட்டியில் அதைப் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். துண்டு எங்கோ ஊறுகாய் பாட்டிலுக்குக் கீழே மாட்டியிருந்தது.

அலமாரியில் வேறொரு தாள் இருக்கிறது. மார்கரெட் மைல்ஸ் என்ற நர்ஸ் ஆய்வாளரும் சகாக்களும் 1993-ல் வெளியிட்ட, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுப் பெற்றோரின் மன அழுத்தத்தை அளக்கும் வினாத்தாள். குழாய்கள், மெஷின் சத்தம், பிள்ளையைத் தூக்க முடியாமை என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். நல்ல கருவி, உலகமெங்கும் பயன்படுகிறது. அதை விசிறியாக்கி வீசிக்கொண்டே குறைமாதக்காரி கேட்டாள்: “பாதத்தை மட்டும் விட்டு மீதியை வெட்டினதுக்கு எத்தனை மார்க் போடுறது மேம்?” மேம் பதில் சொல்லவில்லை. மறுபடி முட்டி போட்டார். மரங்கள் வரிசை முழுவதும் கலைக்கப்பட்டது. என் பங்குக்கு நான் ஸ்விட்ச் போர்டுக்குக் காவல் நின்றேன்.

சாயங்காலம், முன்பே முடித்துவிட்ட டயாலிசிஸ்காரியோடு கேட்டுக்கு எதிரே இருக்கும் பைண்டிங் கடைக்குப் போனோம். கறுப்பு ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்தில் தலைப்பு, கீழே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். கடைக்காரர் நர்சிங் ஆய்வேடுகளில் ஊறியவர். பாதி தலைப்புகளை அவரே மனப்பாடமாகச் சொல்வார், ஏனென்றால் பாதி தலைப்புகள் ஒன்றேதான்: இன்ன நோய் பற்றிய அறிவில் ‘ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராமின் எஃபெக்டிவ்னஸ்’, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆஸ்பத்திரியில்.

“என்னம்மா, எஃபெக்டிவ்னஸைக் காணோம்? விட்டுப்போச்சா?”

“இல்லண்ணே, இது வேற.”

“ஃபினாமினா… என்னா நீளம்! இதுக்கு எழுத்துக்கூலி தனி. எத்தனை பேரைப் பிடிச்ச? பத்தா? போன வாரம் ஒரு பொண்ணு அறுபது பேரோட வந்துச்சு.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கோந்து பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “எங்க அண்ணனும் ரெண்டு வருஷம் டயாலிசிஸுக்குப் போனாரும்மா. நான்தான் பைக்ல கூட்டிட்டுப் போவேன்…” என்று தொடங்கினார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். நிறுத்துவதாக இல்லை. நான் ஆர்வத்தில் அவளுடைய பையைக் காட்டி, ரெக்கார்டர், ரெக்கார்டர் என்று ஜாடை செய்தேன்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என் காதில் சொன்னாள்: “அக்கா, சும்மா இருங்க! இவருக்கு எத்திக்ஸ் கிளியரன்ஸ் வாங்கலை!”